பாய்க்கப்பலும் மின்சார மோட்டாரும்

கடல் தனக்கு வேண்டிய கருவிகள் பலவற்றை நிலத்தினிடமிருந்தே பெற்றுக்கொண்டிருக்கிறது. சுரங்கங்களில் ஊறிய நீரை இறைப்பதற்காக 1712-இல் நியூகோமன் அமைத்த நீராவி யந்திரத்தின் வழித்தோன்றல்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின் கப்பலேறின. ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றவல்லதாக 1897-இல் வெற்றி கண்ட ருடால்ப் டீஸலின் யந்திரம், அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கப்பலேறிற்று. சாலையில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட மின்சாரக் காரின் மோட்டாரும் பாட்டரியும் இப்பொழுது அவ்வழியே கடற்கரைக்கு வந்து நிற்கின்றன. அவற்றை ஏற்றுக்கொள்பவை உருக்குக் கலங்கள் மட்டுமல்ல. மரத்தால் ஆன பாய்க்கப்பல்களும் அவற்றுள் அடங்கும். நேற்றைய கலமும் இன்றைய பொறியும் ஒன்றுகூடும் இந்நிகழ்ச்சியின் சரித்திரத்தையும், அதன் காரண காரியங்களையும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

மரக்கப்பலுக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அவ்வுறவு நூறாண்டுக்கும் மேற்பட்டது. நார்வே நாட்டில் காலின் ஆர்ச்சர் என்னும் கப்பற்சிற்பி, துருவப் பயணத்துக்கென்றே ‘பிராம்’ என்ற மரக்கப்பலைக் கட்டினார். 1892-இல் அது நீரில் இறங்கியது. நான்சென் அதைச் செலுத்திச் சென்று, வடதுருவக் கடலின் பனிக்கட்டியில் வேண்டுமென்றே சிக்கவைத்தார்; பனியின் நகர்ச்சியோடு தாமும் நகர்ந்து செல்வதே அவர் திட்டம். 1893 முதல் 1896 வரை அக்கப்பல் பனியின் பிடியில் இருந்தது. மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத அந்த இருளில் விளக்குக்கு என் செய்வது? மேல்தளத்தில் ஒரு காற்றாலையை நிறுவி, அதனால் ஒரு டைனமோவைச் சுழற்றி, அம்மின்சாரத்தால் வில்விளக்கு ஏற்றினார்கள். பாயை விரிக்கப் பயன்படாத காற்று, ஒளி தரப் பயன்பட்டது. காற்றிலிருந்து மின்சாரம் எடுத்த மரக்கப்பல் என்று இன்று நாம் வியந்து பேசுவது அன்றே நிகழ்ந்துவிட்டது.

அதே கப்பல் வேறொரு மாறுதலையும் கண்டது. கட்டப்பட்டபோது அதில் 220 குதிரைத்திறன் கொண்ட நீராவி யந்திரம் இருந்தது. 1910-இல் அமுண்ட்சென் தென்துருவம் நோக்கிப் புறப்பட்டபோது, அதை எடுத்துவிட்டு 180 குதிரைத்திறன் கொண்ட டீஸல் யந்திரத்தைப் பொருத்தினார்கள். கொதிகலனைக் காய்ச்சவும், இரவும் பகலும் நிலக்கரி வாரிப்போடவும் ஆட்கள் தேவையில்லை, வேண்டியபோது சிறிது நேரத்தில் கிளப்பலாம், வேண்டாதபோது நிறுத்திவிடலாம். பாய்தான் தலைவன், யந்திரம் ஏவலாள் என்னும் முறைக்கு டீஸல் மிகவும் ஏற்றதாகத் தோன்றியது.

ஆனால் ஏவலாளாக வந்தவன் எஜமானனாவது சரித்திரத்தில் அருமையானதன்று. பால்டிக் கடலிலும் டென்மார்க்குக் கரையோரங்களிலும் ஓடிய மரத்தாலான வாணிகக் கலங்களில் முதலில் சிறிய யந்திரம் நுழைந்தது. துறைமுகத்துள் புகவும் புறப்படவும் மட்டுமே அது என்றார்கள். சில ஆண்டுகளில் பெரிய யந்திரம் வந்தது. பாய்மரத்தின் உயரம் குறைந்தது. பின்பு மரமே வெட்டப்பட்டு, சரக்குத் தூக்கும் கம்பம் ஒன்று எஞ்சியது. நம் தூத்துக்குடித் தோணிகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. நெடுங்காலம் காற்றையே நம்பிக் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற அம்மரக்கலங்களில் யந்திரம் ஏறிய பிறகு பாயின் இடம் சுருங்கிற்று. பாயின் இடம் சுருங்கியதும், அதை விரிக்கவும் சுருக்கவும் காற்றின் குணம் அறிந்து திருப்பவும் தெரிந்த தண்டல்களின் அறிவும் சுருங்கிற்று. ஒரு தலைமுறை பயன்படுத்தாத வித்தையை அடுத்த தலைமுறை கற்பதில்லை. நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

சாலை வண்டியின் யந்திரத்தைப் படகில் வைப்பதும் புதிதன்று. அமெரிக்காவில் ஹென்றி போர்டின் ‘மாடல் டி’ கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியாயிற்று. அதன் யந்திரம் 20 குதிரைத்திறனே உடையது. எனினும் மலிவானது, பழுது பார்க்க எளியது. பழைய கார்களின் யந்திரங்களைக் கழற்றி மீன்பிடி படகுகளில் பொருத்திக்கொண்டவர் அந்நாட்டில் பலர். நம் கடற்கரையிலும் விசைப்படகு ஒன்றின் உள்ளே எட்டிப் பார்த்தால், லாரியில் ஓடும் இனத்தைச் சேர்ந்த அசோக் லேலண்ட் யந்திரத்தைக் காணலாம். நிலத்தில் ஏராளமாகச் செய்யப்படுவது மலிவாகும். மலிவானது கடலுக்கு வரும். இது பொருளாதார நியதி. மின்சாரக் காரின் விஷயத்தில் நடப்பதும் இந்நியதியின்படியே.

இனி மின்சாரம் நீரின்மேல் நடந்து வந்த பாதையைக் காண்போம். 1838-ஆம் ஆண்டில் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா ஆற்றில் ஜகோபி என்னும் விஞ்ஞானி ஒரு படகை மின்மோட்டாரால் ஓட்டிக் காட்டினார். ஜார் மன்னரின் பொருளுதவி அவருக்குக் கிடைத்திருந்தது. சுமார் பன்னிரண்டு பேர் அதில் அமர்ந்து சென்றனர். ஆனால் மனிதன் நடக்கும் வேகத்தைக்கூட அது தாண்டவில்லை. அவர் பயன்படுத்திய மின்கலங்கள் துத்தநாகத்தைத் தின்று மின்சாரம் தருபவை. துத்தநாகம் கரைந்துவிட்டால் புதிது போட வேண்டும். அதாவது, நிலக்கரிக்குப் பதிலாக உலோகத்தையே எரிப்பதைப் போன்றது அது. அரசனின் கருவூலம் தாங்கலாம். வணிகன் தாங்க முடியாது.

1859-இல் பிரான்ஸ் நாட்டுப் பிளான்டே, தீர்ந்தபின் மறுபடி மின்னேற்றிக்கொள்ளக்கூடிய ஈயச் சேமக்கலத்தைக் கண்டுபிடித்தார். 1881-இல் பாரிஸ் நகரத்து ட்ரூவே, படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய ஒரு மின்மோட்டாரைச் செய்து சேன் ஆற்றில் ஓட்டினார். 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஐம்பதுக்கு மேற்பட்ட மின்சாரப் படகுகள் ஓடின. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அவற்றில் ஏறி மகிழ்ந்தனர். புகையில்லை, ஓசையில்லை, கொதிகலன் வெடிக்கும் என்ற பயமும் இல்லை.

இவ்வளவு சிறப்பு இருந்தும் மின்சாரப் படகு ஏன் தோற்றது? காரணம் எடை. ஈயச் சேமக்கலம் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலையே வைத்துக்கொள்ளும். டீஸல் எண்ணெயோ ஒரு கிலோவில் ஏறக்குறைய 12,000 வாட்-மணி வெப்ப ஆற்றலை அடக்கியிருக்கிறது. யந்திரம் அதில் மூன்றில் இரண்டு பங்கை வீணாக்கினும், மிஞ்சுவதற்கு முன்னே ஈயம் நிற்க இயலாது. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, நீர்மூழ்கிக் கப்பல் முதலிய சில இடங்களைத் தவிர, மின்மோட்டார் கடலில் பின்தங்கியே இருந்தது.

அதை மீண்டும் அழைத்து வந்தது லித்தியம் அயனிச் சேமக்கலம். 1991-இல் அது கடைகளுக்கு வந்தது. கையடக்கக் கருவிகளுக்கே முதலில் பயன்பட்டது. அதன் அடிப்படையை வகுத்த குட்இனப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் மூவர்க்கும் 2019-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2010-ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானிய நிஸான் கம்பெனி ‘லீஃப்’ என்னும் மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முதல் மாதிரியில் 24 கிலோவாட்-மணி, அதாவது நம் வீட்டு மீட்டரின் கணக்கில் 24 யூனிட், கொள்ளும் பாட்டரி இருந்தது. 192 கலங்களை 48 சிறு பெட்டிகளில் அடுக்கியது அது. மொத்த எடை 300 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மோட்டாரின் திறன் 80 கிலோவாட், ஏறத்தாழ 107 குதிரைத்திறன். மோட்டாரை மட்டும் தனியே கழற்றினால் இரண்டு மூன்று பேர் தூக்கிவிடலாம். இப்படிப்பட்ட மோட்டார்கள் இரண்டு சேர்ந்தால், அமுண்ட்செனின் ‘பிராம்’ கப்பலில் இருந்த டீஸல் யந்திரத்தின் திறனை மிஞ்சிவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

விபத்தில் உடல் நசுங்கிய காரிலும் மோட்டார் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது. பாட்டரியோ, தன் கொள்ளளவில் 70 அல்லது 80 விழுக்காட்டுக்குக் குறைந்துவிட்டால், நெடுந்தூரம் ஓட விரும்பும் காருக்கு ஆகாது என்று கழிக்கப்படுகிறது. ஆனால் நிலையாக ஓரிடத்தில் வைத்துப் பயன்படுத்துவதற்கு அது இன்னும் பல ஆண்டுகள் உதவும். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கால்பந்து அரங்கம் ஒன்றில் 2018-இல், பழையனவும் புதியனவுமாக 148 லீஃப் கார்களின் பாட்டரிகளுக்கு ஈடான ஒரு மின்சேமிப்பு நிலையத்தை அமைத்தார்கள். கழிக்கப்பட்ட காரின் உறுப்புகள் கப்பற்சிற்பியின் கைக்கு வரும் வழி இதுவே. மேலைநாடுகளில் கைவினையில் தேர்ந்தவர்கள் சிலர் இவ்வாறு எடுத்த மோட்டார்களைப் படகுகளில் பொருத்தி ஓட்டியிருக்கிறார்கள்.

இப்பொழுது ஒரு கணக்குப் போடுவோம். கணக்கின்றி ஆர்வம் மட்டும் கொண்டு கப்பல் ஓடாது. ஒரு லிட்டர் டீஸலில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்ப ஆற்றல் உண்டு. யந்திரம் அதில் மூன்றில் ஒரு பங்கை வேலையாக மாற்றும் என்று கொண்டால், கைக்கு வருவது 3.3 யூனிட். லீஃப் பாட்டரியின் 24 யூனிட்டில், அதன் ஆயுளைக் கருதிச் சிறிது விட்டுவைத்தால், 20 யூனிட்டைச் செலவிடலாம். ஆகவே அந்த 300 கிலோ எடையுள்ள பெட்டி, 6 லிட்டர் டீஸலுக்குச் சமானம்; ஒரு பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தில் அடங்கும் எண்ணெய்! 1,000 லிட்டர் டீஸல் கொண்டுசெல்லும் கப்பல் அதற்கு ஈடாகப் பாட்டரி கொள்ள வேண்டுமானால், ஏறக்குறைய 165 பாட்டரிகள், அதாவது 48 டன் எடையை ஏற்ற வேண்டும். இதைக் கேட்டவுடன், “ஆகாத காரியம்” என்று எழுந்துவிடத் தோன்றும்.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நீரில் செல்லும் கலத்தை உந்துவதற்கு வேண்டிய திறன், வேகத்தின் கனத்தை ஒட்டி உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் திறன் ஏறக்குறைய எட்டு மடங்காக வேண்டும். 8 நாட் வேகத்துக்கு 80 கிலோவாட் வேண்டியிருக்கும் ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். அவ்வேகத்தில் நம் 20 யூனிட் கால் மணியில் தீரும். சென்ற தூரம் 2 கடல் மைல். அதே கப்பல் 4 நாட் வேகத்தில் சென்றால் 10 கிலோவாட் போதும். 20 யூனிட் 2 மணி நேரம் வரும். தூரம் 8 கடல் மைல். வேகத்தைப் பாதியாக்கினோம், தூரம் நான்கு மடங்காயிற்று. பொறுமைக்குக் கடல் கொடுக்கும் பரிசு இது.

பாய்க்கப்பலுக்கு யந்திரம் எதற்காக வேண்டும்? பெருங்கடலைக் கடப்பதற்கன்று, அதற்குக் காற்று இருக்கிறது. துறைமுக வாயிலில் நுழையவும், காற்று விழுந்த வேளையில் பாறையை விட்டு விலகவும், நெரிசலான இடத்தில் திரும்பவுமே வேண்டும். இவை யாவும் சில கடல் மைல், மெதுவான வேகம். மின்மோட்டார் நன்றாகச் செய்யக்கூடிய வேலையும் அதுவே. மின்சாரத்தின் குறை எதுவோ, அது பாய்க்கப்பலில் குறையாகத் தோன்றுவதில்லை. உருக்கினால் ஆன பெரிய சரக்குக் கப்பலுக்குப் பொருந்தாத ஒன்று, பழைய மரக்கப்பலுக்குப் பொருந்திவிடுகிறது.

இருந்தாலும் கார் வேறு, கப்பல் வேறு. ஒன்றன் உறுப்பை மற்றொன்றில் வைக்கும்போது எழும் இடையூறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலாவது, சுழற்சி. காரின் மோட்டார் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கள் வரை சுற்றவல்லது. கனத்த மரக்கப்பலைத் தள்ளும் விசிறி பெரிதாகவும், சில நூறு சுற்றுக்களில் மெதுவாகவும் சுழல வேண்டும். ஆதலால் பற்சக்கரங்களைக் கொண்டு வேகத்தைக் குறைத்தாக வேண்டும். இரண்டாவது, உந்துவிசை. காரில் அச்சு சுழன்றால் போதும்; அதன் நீளவாக்கில் யாரும் தள்ளுவதில்லை. கப்பலிலோ விசிறி நீரைப் பின்னே தள்ள, நீர் அச்சை முன்னே தள்ளுகிறது. அத்தள்ளுதலைத் தாங்கிக் கப்பலின் உடலுக்குக் கொடுக்கத் தனியான தாங்கி வேண்டும். அது இல்லாவிடில் மோட்டாரின் உட்புறம் சில நாளில் சிதையும்.

மூன்றாவது, ஓய்வின்மை. 80 கிலோவாட் என்பது கார் மேட்டில் ஏறும்போதோ வேகம் பிடிக்கும்போதோ சிறிது நேரம் வெளிப்படும் திறன். சமதளச் சாலையில் சீராக ஓடுகையில் அதில் கால் பங்குக்குமேல் அரிதாகவே தேவைப்படும். கப்பலுக்குச் சரிவும் இல்லை, இறக்கமும் இல்லை. கொடுத்த வேலையை மணிக்கணக்காகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆகவே சூடு ஏறும். அதைத் தணிக்கும் நீரை மூடிய குழாயில் ஓடவிட்டு, கடல்நீரால் வெளியிலிருந்து குளிர்விக்க வேண்டும். நான்காவது, காரின் மூளை. இக்கால மின்சாரக் காரில் மோட்டார், பாட்டரி, பிரேக், சாவி ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று செய்தி பேசிக்கொண்டே இருக்கின்றன. தனியே கழற்றிய மோட்டார், தன் தோழர்களின் குரல் கேட்காததால் ஓட மறுக்கும். அதன் மின்னணு ஆளுகைப் பலகையை மாற்றியமைக்கவோ, காரின் குரலைப்போல் செய்தி அனுப்பி நம்பவைக்கவோ தெரிந்தவர் வேண்டும்.

ஐந்தாவது இடையூறு மரத்தைப் பற்றியது; நம் சரித்திரத்துக்கு நெருங்கியது. மரக்கப்பலின் பலகைகளைப் பிணைப்பவை செம்பு, வெண்கலம், இரும்பு ஆகியவற்றால் ஆன ஆணிகள். உப்புநீரில் இருவேறு உலோகங்கள் நின்றாலே அவை ஒரு மின்கலமாகிவிடும். முற்காலத்தில் கடற்புழுவும் பாசியும் அண்டாதபடி மரக்கப்பல்களின் அடிப்புறத்தில் செப்புத் தகடு போர்த்தினார்கள். அத்தகடு உப்பில் அரிக்கப்பட்டுத் தேய்வதைத் தடுக்குமாறு ஆங்கிலக் கடற்படை, புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியை வேண்டிக்கொண்டது. 1824-இல் அவர் செம்போடு துத்தநாகமோ இரும்போ ஒரு துண்டு சேர்த்துவிட்டால், அத்துண்டு அரிக்கப்பட்டுச் செம்பு பிழைக்கும் என்று கண்டார். சொன்னவாறே செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீரில் கலந்ததே பாசியையும் சிப்பியையும் விரட்டிவந்தது. கரைவது நின்றதும் கப்பலின் அடியில் அவை படை படையாக ஒட்டிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. ஒரு தீமையைத் தடுத்த அறிவு, அத்தீமையோடு கூடியிருந்த நன்மையையும் சேர்த்துத் தடுத்துவிட்டது.

அதே நியாயம் இன்றும் நிலவுகிறது. பாட்டரியிலிருந்து மின்சாரம் சிறிதளவு கசிந்து ஈரப்பலகையின் வழியே ஓடினால், ஓரிடத்து ஆணி அரித்துப்போகும். மற்றோரிடத்து ஆணியைச் சுற்றிக் காரம் உண்டாகி மரத்தையே மென்மையாக்கிவிடும். உலோகத்தை அளவுக்கு மீறிப் பாதுகாத்தாலும் இந்தக் காரம் தோன்றுகிறது. ஆணி பளபளவென்றிருக்க, அதைப் பிடித்திருந்த பலகை பஞ்சுபோல் ஆகியிருப்பதைப் பழுதுபார்ப்போர் கண்டிருக்கிறார்கள். எனவே 350 வோல்ட்டுக்கு மேற்பட்ட கார் பாட்டரியை மரக்கப்பலில் வைப்பவர், அதன் இரு முனைகளும் கப்பலின் உடலைத் தொடாதவாறு காத்து, கசிவு ஏற்பட்டால் உடனே அறிவிக்கும் கருவியையும் வைக்க வேண்டும். அடித்தளத்தில் தேங்கும் நீர் எட்டாத உயரத்தில், காற்றோட்டமுள்ள உலோகப் பெட்டியில் பாட்டரியை அடைக்க வேண்டும். லித்தியம் கலம் ஒன்று சூடேறித் தீப்பற்றினால் பக்கத்துக் கலத்தையும் பற்றவைக்கும். நடுக்கடலில் மரக்கப்பலுக்குத் தீயைவிடப் பெரிய பகை ஏது?

இத்தனை தொல்லைகளையும் ஏற்றுக்கொள்ளத் தூண்டுவது, மின்மோட்டாருக்கே உரிய ஓர் அரிய குணம். டீஸல் யந்திரத்தின் அச்சைக் கையால் சுழற்றினால் அது எண்ணெயைத் திருப்பித் தராது. மின்மோட்டாரைச் சுழற்றினால் மின்சாரத்தைத் திருப்பித் தரும். 1831-இல் பாரடே கண்ட மின்தூண்டல் விதியின் பயன் இது. 1873-இல் வியன்னா பொருட்காட்சியில், கிராம் என்பவர் அமைத்த டைனமோ ஒன்றன் மின்சாரத்தை அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்றுக்குக் கொடுக்க, அது மோட்டாராகச் சுழன்று நீர் இறைத்ததை மக்கள் கண்டார்கள். டைனமோவும் மோட்டாரும் ஒன்றே. கொடுப்பதும் கொள்ளுவதுமே வேறு.

பள்ளியில் நான் இப்பாடத்தை நடத்தும்போது ஒரு சைக்கிளையே கொண்டுவரச் சொல்வேன். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து மிதியைச் சுழற்றுமாறு ஒரு மாணவனிடம் சொல்வேன். டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்ததும் விளக்கு எரியும். உடனே மாணவனின் முகம் மாறும். “கனமாக இருக்கிறது ஐயா” என்பான். அந்தக் கனந்தான் விளக்கின் விலை. பாய்க்கப்பலிலும் அப்படியே. நல்ல காற்றில் கப்பல் ஓடும்போது நீரோட்டம் விசிறியைச் சுழற்றும். விசிறி மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் பாட்டரியை நிரப்பும். அதற்கு விலையாகக் கப்பலின் வேகம் சிறிது குறையும். 2 கிலோவாட் வீதம் 10 மணி நேரம் கிடைத்தால் 20 யூனிட். நாம் முன்பு கண்ட பாட்டரி நிரம்பிவிடும். மாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டிய ஆற்றலைக் காலை முதல் அடித்த காற்றே சேர்த்து வைத்துவிடுகிறது.

இது கற்பனையன்று. ஐஸ்லாந்தின் வடகரையில் ஹூசாவிக் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே திமிங்கிலம் காணச் செல்வோரை ஏற்றிச்சென்ற ‘ஓபால்’ என்ற மரக்கப்பல், 1951-இல் ஜெர்மனியில் மீன்பிடி கலமாகக் கட்டப்பட்டுப் பின்னர் இரட்டைப் பாய்மரக் கப்பலாக மாற்றப்பட்டது. 2015-இல் அதில் மின்மோட்டாரும் பாட்டரிகளும் பொருத்தினார்கள். கரையில் நிற்கும்போது ஊர் மின்சாரத்தாலும், பாய் விரித்து ஓடும்போது விசிறியின் சுழற்சியாலும் மின்னேறுமாறு அமைத்தார்கள். ஐஸ்லாந்தின் மின்சாரமோ ஏறக்குறைய முழுவதும் நீர்வீழ்ச்சியிலிருந்தும் பூமியின் வெப்பத்திலிருந்தும் வருவது. ஒலியினாலேயே தன் உலகை அறியும் திமிங்கிலத்தின் அருகே ஓசையின்றிச் செல்ல முடிந்தது என்பது அதனால் கிடைத்த மற்றொரு பயன்.

கோஸ்டரிக்கா நாட்டில் புன்டா மொராலெஸ் என்னும் கடற்கரையில், 2019-இல் ‘சேய்பா’ என்ற 45 மீட்டர் நீளமுள்ள மூன்று பாய்மரச் சரக்குக் கப்பலுக்கு அடிமரம் நாட்டினார்கள். ஆலந்துத் தீவுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட வாணிகக் கலம் ஒன்றன் வடிவமே அதற்கு முன்மாதிரி. வடிவம் பழையது, ஆனால் துணைக்கு டீஸல் வேண்டாம், மின்மோட்டாரே வேண்டும் என்று அதன் திட்டத்தை வகுத்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. “யந்திரமே எதற்கு? காற்றை நம்பிப் புறப்பட்டவன் காற்றை நம்பியே வரட்டும்” என்போர் உண்டு. அவர்கள் வெறும் பேச்சாளர்களும் அல்லர். 1943-இல் ஜெர்மன் போர்க்காலக் கலமாகக் கட்டப்பட்ட ‘ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ என்ற மரக்கப்பலைப் புதுப்பித்து, எவ்வித யந்திரமும் இன்றி 2009 டிசம்பரில் கடலில் இறக்கி, அட்லாண்டிக்கின் இருகரைகளுக்கும் இடையே சரக்கேற்றி ஓட்டிக் காட்டினார்கள். யந்திரம் என்ற ஊன்றுகோல் இருந்தால் கால் பலவீனமாகும் என்பது அவர்கள் வாதம். பால்டிக் கலங்களின் கதையையும் தூத்துக்குடித் தோணிகளின் கதையையும் அறிந்தவர் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

எனினும் என் மனத்துக்குப் படுவது இது. டீஸல் யந்திரம் பாயை வென்றதற்குக் காரணம் அதன் வலிமை மட்டுமன்று. அது சோர்வதே இல்லை என்பதுதான். தொட்டியில் எண்ணெய் உள்ளவரை அது காற்றைக் கேட்பதில்லை. ஆகவே மாலுமியும் காற்றைக் கேட்பதை விட்டான். மின்மோட்டாருக்கு அந்தச் செல்வம் இல்லை. அதன் கையிருப்பு சில கடல் மைல்கள் மட்டுமே. அது தீர்ந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளக் கடலில் அதற்குள்ள வழிகளில் தலையாயது காற்றே. ஆகவே அதை வைத்திருப்பவன் பாயை மடித்து வைத்துவிட்டு உட்கார முடியாது. எவ்வளவு நன்றாகப் பாய் விரிக்கிறானோ அவ்வளவு மின்சாரம் அவனுக்குச் சேரும். பாய்த்தொழில் அறிந்தவனுக்கே பயன்படும் யந்திரம் ஒன்று இப்பொழுதுதான் கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம். பாட்டரிகள் நாளுக்கு நாள் எடை குறைந்து வருகின்றன. ஒருநாள் இந்தக் கட்டுப்பாடும் தளர்ந்துபோகலாம். அப்பொழுது பாயைக் காப்பது மனிதனின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்கும்.

ஆதலின், ஒரு பழைய மரக்கப்பலில் புதிய பொறியை ஏற்றும்போது சிற்பி கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இதனால் எந்த மரம் கெடும்? எந்த வித்தை கெடும்? முதல் கேள்விக்கு மின்னளவுக் கருவி விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள், கலப்பற்றுப் பார்க்கவும் பலகை வளைக்கவும் பாய் தைக்கவும் தெரிந்த முதியவர்கள். அவர்கள் எண்ணிக்கை எந்தக் கடற்கரையிலும் பெருகிவரவில்லை.

இதைப் படிக்கும் மாணவர்களில் பௌதிகம் கற்பவர் இருப்பீர்கள். சரித்திரம் கற்பவரும் இருப்பீர்கள். இவ்விரண்டும் வெவ்வேறு அறைகளில் நடத்தப்படும் பாடங்கள் என்று எண்ணிவிட வேண்டாம். டேவியின் துத்தநாகத் துண்டைப் படித்தவன், இன்றைய பாட்டரியை எங்கே வைப்பது என்பதையும் அறிவான். துறைமுகம் உள்ள ஊருக்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தால், கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் மரக்கலம் ஒன்றன் அருகே சென்று அதன் ஆணிகளையும், விசிறி அச்சு வெளிவரும் இடத்தையும் உற்றுப் பாருங்கள். அங்கே வேலை செய்யும் ஆசாரியிடம் மரியாதையாகக் கேளுங்கள். அவர் சொல்லுவதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஆசிரியருக்கும் அது பயன்படும்.